கடைசிப் பந்தயத்தில் கேட்ட என் குரல்

இதைக் கேட்டுவிட்டு யாராவது சிரித்தால் நான் சண்டைக்குப் போவதில்லை. அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை சிரிக்கவில்லை. அது போதும் எனக்கு.

லெசோதோ மலையில், செமொங்கோங் ஊருக்கு மேலே உள்ள சமவெளியில் குதிரைப் பந்தயம். ஜூலை மாதக் குளிர். பட்டப்பகல். நான் லாரிக் கூரைமேல் மைக்கோடு நின்று வர்ணனை சொல்கிறவன். இப்போதெல்லாம் மாவு மூட்டை ஏற்றக்கூட எங்கள் மலையில் மோட்டார் பைக் வந்துவிட்டது. ஆனாலும் பந்தய நாளில் அந்த பைக்காரர்களே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி குதிரை பார்க்க வந்து நிற்பார்கள்.

கடைசிப் பந்தயத்தில் என் தம்பி மொஹாபி ஓட்டினான். குதிரையின் பெயர் லெஹாலிமா. ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு லாய முதலாளி வந்திருந்தார். ஜெயிக்கிறவனைத் தன் குதிரைகளுக்கு ஜாக்கியாகக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மொஹாபி லாரிக்குக் கீழே வந்து நின்றான்.

"அண்ணே, அடுத்த மாசம் நான் பெரிய மைதானத்துல ஓட்டுவேன். நீ இங்கயே லாரி மேல நின்னு கத்திக் கத்திக் கிழவனாயிரு."

"மூக்கைத் தொடைச்சுக்கிட்டுப் போடா. முதலாளி பாக்கறாரு."

சிரித்துக்கொண்டே போனான்.

நான் இருமினேன். ஒலிபெருக்கியும் இருமியது. சற்றுக் கழித்து... அது மட்டும் இன்னொரு தடவை இருமியது.

"மலை எதிரொலிண்ணே" என்றான் துஸோ. ஜெனரேட்டரும் ஒயர்களும் அவன் பொறுப்பு.

காலையிலிருந்து எதிரொலியே இல்லை.

ஏழு குதிரைகள் கோட்டில் வந்து நின்றன. ஒன்றுகூடப் பாதையைப் பார்க்கவில்லை. எல்லாம் கழுத்தைத் திருப்பி, காதை விறைத்துக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்தன.

"ஏழு குதிரைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏழு குதிரைங்க" என்றது ஒலிபெருக்கி.

நான் இன்னும் சொல்லவே இல்லை...

கொடி இறங்கிவிட்டது. பழக்கத்தில் நானும் கத்த ஆரம்பித்துவிட்டேன். லெஹாலிமா இரண்டாவதாக ஓடியது.

பாதையின் அந்தக் கோடியில் ஒரு மேடு உண்டு. அதற்குப் பின்னால் போனால் கொஞ்ச நேரம் குதிரைகள் யார் கண்ணுக்கும் தெரியாது. அப்போது ஏதாவது கேலி பேசிச் சமாளிப்பேன். அன்று மேட்டின்மேல் பனிமூட்டம் வேறு.

மறைந்தார்கள். மூச்சு வாங்க வாயை மூடினேன்.

குரல் நிற்கவில்லை.

"மொஹாபி முந்திட்டான்... மொஹாபி தனியா வர்றான்..."

என் குரல். என் இழுப்பு. என் கரகரப்பு.

மைக்கை அணைத்தேன்.

"பக்கத்துல ஒரு குதிரை வருது... சிவப்புக் குதிரை... மேல ஆள் இல்ல..."

கூட்டம் சிரித்தது. என் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டது.

"துஸோ, நிறுத்துடா."

அவன் பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

ஜெனரேட்டர் ஓய்ந்தது.

"மொஹாபி... இங்க பாரு..."

இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மொஹாபி..."

சிரிப்பு நின்றது.

"திரும்பிட்டான்."

காற்று மட்டும்...

"விழுந்துட்டான்."

பனியிலிருந்து முதலில் வந்தது லெஹாலிமா.

சேணத்தில் யாரும் இல்லை.

கூரையிலிருந்து குதித்து ஓடினேன். மேட்டுக்குப் பின்னால், புல்லில் கிடந்தான். பின்னால் வந்த குதிரைகள் அவன்மேல் ஏறியிருந்தன. கண் திறந்திருந்தது.

"எதுக்குண்ணே கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலடா."

"காதுக்குள்ள கூப்பிட்டியே..."

ஊருக்கு இறங்கும் மண் பாதையில், வண்டி குலுங்கிய ஒவ்வொரு குழிக்கும் அலறினான். அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிவதற்குள் அலறல் நின்றுபோனது.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவளும் நானும் மட்டும். "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். ஒரு பொய் சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு பைக்காரன் வீட்டுக்கு வந்தான். அன்று எல்லாரும் ஓடியபோது அவனும் போனை பைக்மேல் சாய்த்துவிட்டு ஓடியிருக்கிறான். அது பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"நீங்களே பாத்துருங்கண்ணே. என்னால வெச்சுக்க முடியல."

பார்த்தேன். நான் குதிக்கிறேன். ஓடுகிறேன். படத்தை விட்டு வெளியே போய்விடுகிறேன். வெறும் லாரி. கூரைமேல் மைக். சுற்றி ஆளே இல்லை.

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. பிறகு மெதுவாக, என் குரலில்...

"வலியே இல்லம்மா. தூங்கற மாதிரி போயிட்டான்."

அம்மாவிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள்.

அந்த நேரத்தில் மொஹாபி உயிரோடு இருந்தான். நான் அவனிடம் போய்ச் சேரக்கூட இல்லை.