பாதி விலைக் கோட்டு

என் அத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் வேலை பார்க்கிறாள். அந்த அறை தரைக்குக் கீழே இருக்கிறது. சன்னல் கிடையாது. மூன்று மேசை, மூன்று பெண்கள், ஓயாமல் மினுக்கும் சின்னச் சின்ன விளக்குகள். இறங்கிப் போகும் படிக்கட்டை ஒட்டி உடைந்த கட்டில்களைச் சாத்தி வைத்திருப்பார்கள். வழி தவறியவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அத்தை தினமும் பட்டு ஸ்கார்ஃப் கட்டி, கணுக்கால் உயரத் தோல் ஷூ போட்டு, டயலைச் சுற்றிக் கல் பதித்த கைக்கடிகாரத்தோடு கிளம்புகிறாள்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டேன். "உன்னை அங்க யாரு அத்தை பாக்கப் போறா?"

"பாக்க வேண்டாம்டி. குரல்ல தெரியும்."

"ட்ரெஸ்ஸா?"

"ஆமா. ஒரு நாள் அவசரத்துல பழைய ஸ்வெட்டரை மாட்டிட்டுப் போயிட்டேன். அன்னைக்குப் பாத்து ஆளாளுக்குத் திட்டினாங்க. நூல் பிரிஞ்ச ஸ்வெட்டர்ல உக்காந்துகிட்டு 'கொஞ்சம் லைன்ல இருங்க'ன்னா எவன் இருப்பான்?"

நான் போன இடங்களிலெல்லாம் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண்ணிடம் அந்த ஓட்டல் முதலாளியம்மா வைத்திருக்கும் அதே கைப்பை இருக்கும். கேட்டால் அவளிடம் ஒரு காரணமும் இருக்கும். காரணம் சொல்லத் தெரியாமல் செலவு செய்தவர்களை நான் எங்குமே சந்திக்கவில்லை. ஆனால் அத்தை அளவுக்கு அதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அபூர்வம். ஷூ வாங்கினால் அது கால் வலிக்கு வைத்தியம். கைக்கடிகாரம் வாங்கினால் அது தாமதமாகப் போய்ச் சம்பளப் பிடித்தம் ஆகாமல் இருக்கச் செய்த முதலீடு. பட்டு ஸ்கார்ஃப், தொண்டை கட்டாமல் இருக்க.

"தொண்டைக்கு மஃப்ளர் போதாதா?" என்று மாமா ஒரு முறை கேட்டுவிட்டார்.

"தொண்டையால சம்பாதிக்கிறவ நான். நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. உங்க ஸ்பேனரைப் பத்தி நான் ஏதாவது சொல்றேனா?"

மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்குத் தொப்பி. கம்பளித் தொப்பி, வெல்வெட் தொப்பி, விளிம்பு வளைந்த தொப்பி என்று கதவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கும். "முடியைக் கடையில விக்கிறாங்களா சொல்லு, வாங்கிக்கிறேன்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை. ஒன்று கடை விலை. இன்னொன்று வீட்டு விலை. வீட்டு விலை என்பது கடை விலையில் சரிபாதி. எதை வாங்கி வந்தாலும் பாதியைத்தான் சொல்வார்கள். கேட்பவர் மனசுக்குள் அதை இரட்டிப்பாக்கிக்கொண்டு, "அட, பரவாயில்லையே!" என்பார். இங்கே விலை கேட்பது நலம் விசாரிப்பது மாதிரி. உண்மையான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் வராதவர் ஒரே ஒருவர்தான். மாமாவின் அக்கா. எனக்குப் பெரியம்மா முறை. ரொட்டி பேக்கரியில் பொட்டலம் கட்டும் வேலை. கணவர் போன பிறகு தம்பி வீட்டின் கீழ் அறைக்கு வந்துவிட்டவர். வெங்காயம் வாங்கி வந்தால்கூட விலையைச் சில்லறை சுத்தமாகச் சொல்வார். மாமா அவர் காதில் விழாமல் "நிதியமைச்சர்" என்பார். பெரியம்மாவிடம் ஒரு பழுப்புக் கோட்டு இருந்தது. அதில் பொத்தான் விழ விழ, கையில் அகப்பட்டதைத் தைத்துக்கொண்டே வந்ததால் ஒரு பொத்தான் மாதிரி இன்னொன்று இருக்காது.

குளிர் தொடங்கிய சமயம் அத்தை ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினாள். அடர் சிவப்பு. காலர் கழுத்தை அணைத்தாற்போல் நிற்கும். வாங்கியதும் போடவில்லை. அதற்கும் ஒரு முறை உண்டு. புதுத் துணியை முதலில் அலமாரியின் கடைக்கோடியில் பழைய துணிகளோடு தொங்கவிட வேண்டும். அங்கே கொஞ்ச காலம் கிடந்து அது "எப்பவோ வாங்கினது" ஆக வேண்டும். அதன் பிறகுதான் வெளியே வரும்.

ஒரு மாலை அது வெளியே வந்தது. நாங்கள் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"புதுசா?" என்றார் மாமா.

"இதுவா? எப்பவோ வாங்கினது."

"எப்பவோன்னா?"

"எப்பவோன்னா எப்பவோ."

மாமா வழக்கப்படி விலை கேட்டார். அத்தை வழக்கப்படி பாதி சொன்னாள். மாமா "பரவாயில்லையே" என்று சொல்ல வாயெடுத்தபோது பெரியம்மா எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கோட்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். உள்துணியைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தையலைத் தடவினார்.

"இந்த விலைக்கா குடுத்தான்?"

"தள்ளுபடி அண்ணி" என்றாள் அத்தை.

"எந்தக் கடை?"

"மார்க்கெட் திருப்பத்துல... அந்தத் தையக்காரம்மா கடை."

பெரியம்மா தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பணம் இருந்தது. அத்தை சொன்ன தொகை, ஒரு காசு கூடாமல் குறையாமல்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. நீலம் இருந்தா நீலம்."

மாமாவுக்குப் புரையேறியது. என்னாலும் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தை பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அதுக்கென்ன அண்ணி, வாங்கிட்டாப் போச்சு" என்றாள். பெரியம்மா அப்பால் போன பிறகும் அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை பெரியம்மா வேலைக்குக் கிளம்பியதும் சமையலறையில் ஆலோசனை நடந்தது.

"உண்மையச் சொல்லிடு" என்றார் மாமா.

"சொல்லிடலாம். அப்புறம் என் அலமாரியில இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் அசல் விலை கேப்பாங்க. கேட்டுட்டு அந்தக் கதவுக்குப் பின்னாடி தொங்குதே, அதுக்கும் கேப்பாங்க."

மாமா தொப்பிகளைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டாம். சொல்லாத."

"மீதியை நீயே போட்டு வாங்கிக் குடுத்துடேன்" என்றேன்.

"எங்கடி இருக்கு? எல்லாத்தையும்தான் அலமாரியில மாட்டி வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் வெறும் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? என்னைத் திட்டக்கூட மாட்டாங்க. 'அப்ப வேண்டாம்மா'ன்னு பணத்தை வாங்கி உள்ள வச்சுட்டு, அந்தப் பழுப்பையே இன்னும் பத்து வருஷம் போடுவாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளா அவங்க வாயில 'எனக்கு'ங்கற வார்த்தையை நேத்துதான்டி கேட்டேன்."

அப்போதே முடிவு செய்துவிட்டாள். தன் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு பெரியம்மாவின் பணத்தையும் சேர்த்து நீலக் கோட்டை வாங்குவது. விலைச்சீட்டை வெட்டாமல் இருந்தால் அந்தக் கடையில் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அத்தை எந்தப் புதுத் துணியிலும் விலைச்சீட்டை உடனே வெட்டுவதில்லை. துணியின் கைப்பகுதிக்குள் மடித்து ஊக்கு குத்தி வைத்திருப்பாள். "மனசு மாறினா திருப்பிக் குடுத்துடலாம்ல" என்பாள். அது அவளுக்கு அவளே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஒரு தடவையும் மனசு மாறியதில்லை.

அடுத்த விடுமுறை நாளில் என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கோட்டைப் பையில் மடித்து எடுத்துப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. போட்டுக்கொண்டுதான் வந்தாள், மேல் பொத்தான் வரை மாட்டி. வழியில் மருந்துக் கடைக் கண்ணாடி, வங்கிக் கண்ணாடி, நிறுத்தி வைத்த கார்க் கண்ணாடி எதையும் விடவில்லை. சலூன் வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டாள். உள்ளே முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் இவளைப் பார்த்து விழித்தான்.

"அத்தை, வேணும்னா வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"சும்மா வாடி. சிவப்பு எனக்குக் கொஞ்சம் எடுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

கடை ஒரே அறைதான். ஒரு பக்கம் துணிகள் தொங்க, மறுபக்கம் தையல் மிஷின். கடைக்காரம்மா காலரில் குண்டூசிகளைக் குத்திக்கொண்டு ஒரு பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். அத்தை கோட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊரில் இல்லை என்று சொல்லும்போது வருமே, அந்த இழைந்த குரலில் ஆரம்பித்தாள்.

"வணக்கம். ஒரு சின்ன விஷயம். இது எனக்குக் கொஞ்சம் பிடிப்பா இருக்கு. இதைத் திருப்பி எடுத்துகிட்டு நீலத்துல ஒண்ணு..."

கடைக்காரம்மா நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அந்தப் பேக்கரி அம்மாவோட தம்பி பொண்டாட்டியா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி?"

"அட, உங்களுக்காகத்தான் நீலத்தை எடுத்து வச்சிருக்கேன். அவங்க நேத்தே வந்து பாதிப் பணம் கட்டிட்டாங்க. 'மீதிப் பாதியோட என் தம்பி பொண்டாட்டி வருவா. என்ன கதை சொன்னாலும் தலையாட்டிட்டுக் குடுத்துடுங்க'ன்னாங்க. நீங்க பிடிப்புன்னு சொன்னதும் நான் தலையாட்டியிருக்கணும். மறந்துட்டேன்."

அத்தை பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ அவங்களுக்கு விலை தெரியுமா?"

"தெரியுமாவா? இந்தக் குளிர் ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை தடவை வந்து போட்டுப் பாத்திருக்காங்க! கண்ணாடி முன்னாடி நிப்பாங்க. ஒரு சுத்து சுத்துவாங்க. விலைச்சீட்டைப் பாப்பாங்க. கழட்டி, மடிப்புக் கலையாம மாட்டிட்டுப் போயிடுவாங்க."

"முழுப் பணமும் கையில இருந்தா எதுக்கு இந்தக் கூத்து?" என்றேன் நான்.

"நானும் அதைத்தான் கேட்டேன். முழு விலை குடுத்து வாங்கினா போட மனசு வராதாம். வீட்டுல பாதி விலை சொல்லியாச்சாம், அந்த விலைக்குன்னா போடுவாங்களாம்."

"அப்ப நேத்துக் கட்டின பாதி?"

"அது பல்லுக்காம். கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பாக்கன்னு ஒதுக்கி வச்ச பணமாம். பல்லு இப்ப வலிக்கலையாம்."

அத்தைக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

"இத்தனை வருஷமா அந்த அலமாரியை வச்சுகிட்டு நான் என்னத்தைடி கத்துகிட்டேன்? பல்லு வலிக்கலையாம்! எனக்கு இது தோணவே இல்லையே!"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஊக்கைக் கழற்றி விலைச்சீட்டைக் கடைக்காரம்மாவிடம் நீட்டி, "இதை வெட்டிடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெரியம்மாவுக்கு நாங்கள் தெரிந்துகொண்டது தெரியக் கூடாது. மாமாவுக்கு எதுவுமே தெரியக் கூடாது.

பெரியம்மா பொட்டலத்தைப் பிரித்து நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாங்கள் பார்த்துப் பழகிய ஆளே இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைகளுக்குள் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார்.

"அக்கா! யாரோ விருந்தாளின்னு நினைச்சேன்" என்றார் மாமா. "என்ன விலை?"

வெங்காயத்துக்குச் சில்லறை சுத்தமாக விலை சொல்லும் பெரியம்மா, கண் இமைக்காமல் பாதி விலையைச் சொன்னார். காது மட்டும் சிவந்திருந்தது.

"அதே விலைக்கா குடுத்தாங்க?" மாமா அத்தையைப் பார்த்து முழித்தார். மீதியை இவள் எங்கிருந்து புரட்டினாள் என்று அவருக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"தள்ளுபடிங்க. கடைசி உருப்படி" என்றாள் அத்தை.

சாப்பிட உட்கார்ந்தபோதும் பெரியம்மா கோட்டைக் கழற்றவில்லை. அறை குளிர்கிறது என்றார். யாருக்கும் குளிரவில்லை.

"அண்ணி, சூப்பு சிந்திடப் போகுது."

"சிந்தினா என்ன? துவைச்சுகிட்டாப் போச்சு. இந்த விலைக்கு வாங்கினதைப் பூட்டியா வைக்க முடியும்?"

சொல்லி வாய் மூடவில்லை. மாமா ரொட்டிக்காகக் கையை நீட்டினார். முழங்கை இடித்து அவர் கிண்ணம் சாய்ந்தது. சூப்பு மேசை ஓரம் வரை ஓடி, நீலக் கோட்டின் கைப்பக்கம் போனது.

அந்த வேகத்தில் அந்த இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. பெரியம்மா நாற்காலியோடு பின்னால் பாய்ந்து கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அதே நொடியில் அத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து மேசை மேலேயே படுத்து, கையில் கிடைத்த துணியால் சூப்பைத் தடுத்து நிறுத்தினாள். கோட்டின் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அத்தை கையில் இருந்த துணி அவளுடைய பட்டு ஸ்கார்ஃப்.

மேசை மேல் கவிழ்ந்தபடி அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தூக்கியபடி பெரியம்மா குனிந்து பார்த்தார். முதலில் பெரியம்மாவின் உதடு ஓரம்தான் துடித்தது.

"ஏங்க்கா, அவ்வளவு மலிவான கோட்டுக்கா இந்தப் பாய்ச்சல்?" என்றார் மாமா.

"துணி மலிவுதான்டா," என்றார் பெரியம்மா, கையை இன்னும் இறக்காமல். "கூலிதான் கொஞ்சம் கூட."

அத்தை மேசையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா சிரிக்க ஆரம்பித்ததும் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து அத்தைக்கு இன்னும் சிரிப்பு வந்தது. மாமா என்னைப் பார்த்து, "என்னடி, என்ன விஷயம்?" என்றார். சத்தியம் செய்திருந்ததால் நான் சாய்ந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.