களை மருந்தும் ஆரைக்கீரையும்

“அந்தப் பொண்ணு கையில இருக்கிற டப்பாதாண்டி நம்ம பொழப்புக்கு எமன்!”

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து இது என் காதில் விழுந்தது. டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டேன். களைக்கொல்லி விற்கும் தொழிலில் முதலில் கற்க வேண்டியது டப்பாவை மறைத்துப் பிடிப்பது. தாவரவியல் பி.எஸ்ஸி. என்பதற்காகவே உர மருந்துக் கடை முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது என்பது அவருக்குத் தெரியாது. கூச்சத்தை வைத்துக்கொண்டு எதையாவது விற்கப் போனவர்கள் என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள்.

பாதிக்குப் பாதி

முதலில் சம்மதித்த விவசாயி கபூர் பாய். வயலில் பாதிக்கு என் மருந்து. மறுபாதியில் வழக்கம்போல் அஞ்சலையும் அவள் கூட்டிவரும் ஏழு பெண்களும் கையால் களை எடுப்பது. மருந்து ஜெயித்தால், பிந்தி நட்ட மேலண்டை வயலுக்கு அந்தப் பெண்களைக் கூப்பிடப் போவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். நான் தெளிப்பானில் மருந்தைக் கலக்கக் கலக்க, எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அஞ்சலை மட்டும் சொன்னாள்: “நல்லா கலக்கு கண்ணு. எங்க சோத்துலதான கலக்குற.”

மூன்றாம் நாள்

ஓடிப் போய்ப் பார்த்தேன். கோரை மஞ்சளடித்திருந்தது. ஆரைக்கீரையும் மற்ற அகல இலைக் களைகளும் முறுக்கிப் பிழிந்த துணிபோல் கிடந்தன. நெல்லுக்கு ஒன்றுமில்லை! பாடத்தில் படித்தது கண்ணெதிரே நடந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரப்பில் நின்று நானே கைதட்டிவிட்டேன்.

அஞ்சலை இறங்கி, செழிப்பாக நின்ற ஒரு பயிரின் அடித்தண்டை விரலால் தடவினாள். பிடுங்கி என்னிடம் நீட்டினாள். புல்!

“நெல்லாட்டம் வேஷம் போட்டு நிக்குது. உன் டப்பாவுக்குக் கண்ணு கிடையாதா?”

கத்திரித் தோட்டம்

தெளிப்பானைச் சலவைச் சோடா போட்டு மூன்று முறை கழுவச் சொல்லியிருந்தேன். கபூர் பாய் வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி எடுத்து, அதிலேயே பூச்சி மருந்து ஊற்றி, வீட்டுக் கத்திரிச் செடிக்கு அடித்துவிட்டார். உள்ளே ஒட்டியிருந்த களை மருந்தில் நாலே நாளில் இலையெல்லாம் சுருண்டது. நான் போனபோது அவர் மனைவி காய்க்காத செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

“நெல்லுக்குத் தாயா இருக்கிற மருந்து, கத்திரிக்கு மட்டும் ஏன்மா மாமியாரா மாறுது?”

மேலண்டை வயல்

இத்தனைக்குப் பிறகும் பாய் மருந்துப் பக்கமே சாய்ந்தார். வேலை சீக்கிரம் முடிகிறதே! மேலண்டை வயல் முழுக்கக் காலையில் அடித்து முடித்தோம். முதலாளி தட்டிக்கொடுத்தார். மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாய் சைக்கிளில் வந்து நின்றார்.

“அஞ்சலை ஆளுங்க மேலண்டையில ஆரைக்கீரை பறிச்சிட்டுப் போறாங்க. எப்பவும் களை எடுக்க வந்தா எடுத்துக்கிறதுதான். வேலைதான் இல்லேன்னுட்டேன், கீரையும் கூடாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

அடித்த அன்று கீரை வாடாது. பார்க்கப் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். மருந்து கையில், வாயில் படக்கூடாது என்று காலையிலேயே பாய்க்குச் சொன்னேன், முதலாளிக்குச் சொன்னேன், தெளித்த ஆளுக்கும் சொன்னேன். வயலில் இறங்கிக் கீரை பறிப்பவர்களைத் தவிர எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லியிருந்தேன்.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினேன். அஞ்சலை தெருமுனையிலிருந்தே கத்தினேன். அப்படிக் கத்தியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

“கீரையை யாரும் வாயில வைக்காதீங்க! விஷம்! மருந்து அடிச்சிருக்கு!”

ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அஞ்சலை வீட்டு அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

“யாராவது சாப்பிட்டாச்சா?”

“இன்னும் கடையவே இல்ல” என்றாள். “இதைக் காலையில சொல்றதுக்கு என்னா?”

அவள் மற்ற ஏழு வீட்டுக் கீரையையும் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். பிறகு சட்டியை இறக்கி, கொல்லைக் கோடியில் மண்வெட்டியால் இடுப்பளவு குழி வெட்டி, எல்லாக் கீரையையும் கொட்டி, சட்டியையும் சேர்த்துப் புதைத்தாள்.