பம்புக்கு லீவு உட்ட ஆயுத பூசை

மொதல்ல வயித்துலதான் ஆரம்பிச்சுது. கும்முடிப்பூண்டியில ஒரு ரோலிங் மில்லுல உலைக்கு முன்னால நின்னு வேலை செஞ்சவன் நான். சோறு துன்னா மேல்வயித்துல ஒரு வலி புடிக்கும், முதுகு வரைக்கும் இழுக்கும். கேஸுன்னு நெனச்சு கோலி சோடா குடிப்பேன். சோடாக்காரரு சைக்கிள்ல மில்லு கேட்டுக்கே வருவாரு. அவரு கோலிய அமுக்குற சத்தம் கேட்டாலே பாதி வலி போயிடும். மீதி பாதி போவல.

ஸ்கேன் எடுத்தா, கணையம் பூரா கல்லு. கணையம்னா இரைப்பைக்குப் பின்னால கீற உறுப்பு, இன்சுலின் அங்கதான் சொரக்குது. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணி கணையத்தையே எடுத்துட்டாங்க. வலி போச்சு, சர்க்கரை வந்துச்சு.

தெனம் நாலு ஊசி. அப்பவும் சர்க்கரை ஒரு எடத்துல நிக்காது. பொன்னேரி ரயில்ல ரெண்டு வாட்டி தாழ்சர்க்கரை (ரத்தத்துல சர்க்கரை கொறைஞ்சு மயக்கம் வர்றது) ஆகி சுருண்டு உழுந்தேன். குடிச்சிட்டு கீறான்னு ஜனங்க ஒதுங்கிக்கினாங்க. அப்பால என் சம்சாரம் ராஜேஸ்வரி என்னைத் தனியா தெருமுனைக்கும் உடல.

மஸ்கட்ல நர்ஸா கீற எங்க பொண்ணுதான் இன்சுலின் பம்ப் வாங்கியாந்துச்சு. நான் சொல்லச் சொல்ல இத்த எழுதிக்கினு இருக்கிறதும் அதுதான். ஒரு காலத்துல பெரிய மனுசங்க இடுப்புல பேஜர் மாட்டுவாங்களே, அந்த சைஸு. உள்ள இன்சுலின். மெல்லிசா ஒரு டியூபு, அதோட நுனி வயித்துல தோலுக்கு அடியில. நாள் பூரா துளித்துளியா உட்டுக்கினே இருக்கும். துன்றதுக்கு முன்னால பட்டனை அழுத்தி கொஞ்சம் சேத்து உட்டுக்கணும். எனக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். மில்லுல மீட்டர் பாத்தவன்தானே.

லுங்கியில அது நிக்காது. ராஜேஸ்வரி துணிப்பை தெச்சு அர்ணாக்கயித்துல கோத்துட்டா. கொஞ்ச நாள்ல அவளே, "போய்ட்டு வாய்யா, இங்க குந்திக்கினு என் பிராணனை வாங்காத"ன்னு தொரத்துனா. மறுபடியும் தனியா ரயில் ஏறினேன். ஜன்னல் சீட்டு, வேர்க்கடலை, பொன்னேரியில சிநேகிதன் கடையில ஒரு டீ. வேற இன்னா வேணும்?

அந்த வருசம் ஆயுத பூசை வந்துச்சு. மில்லுல அன்னிக்கு எல்லா மிஷினையும் நிறுத்துவோம். எண்ணெய் போவத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி சுண்டல் படைச்சா, மறுநா வரைக்கும் ஒருத்தனும் தொடமாட்டான். ஒழைச்ச மிஷினுக்கு அது ஓய்வு.

ஊட்ல அவ அருவாமனை, தையல் மிஷினு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சா. எனக்காக ராப்பகலா ஒழைக்கிற மிஷினு இடுப்புல கீதேன்னு தோணிச்சு. டியூப கழட்டினேன், பம்ப தொடச்சேன், பொட்டு வெச்சு சாமி முன்னால வெச்சேன்.

"இன்னாய்யா, இத்த கழட்டலாமா?"

"குளிக்கறப்போ கழட்டறேன்ல? ஒரு நாள் அதுவும் எளைப்பாறட்டும்மே."

"அப்போ ஒனக்கு ஓய்வு?"

"நான் இன்னா மிஷினா?"

கணையம் இல்லாதவன் ஒடம்புல இன்சுலின் ஒரு சொட்டும் மிச்சம் இருக்காது. அது எனக்கு அப்போ புரியல. சாயந்திரம் நாக்கு வறண்டுச்சு. வாந்தி. மூச்சு எறைக்குது. அவ ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா. மடியில பம்பு, பொட்டோட.

கீட்டோன் (இன்சுலின் இல்லாதப்போ ஒடம்பு கொழுப்ப எரிக்கிறதால ரத்தத்துல சேர்ற நஞ்சு) ஏறிக்கிச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சலைனும் இன்சுலினும் ஏத்தி, நான் கொஞ்சம் தெளிஞ்சப்புறம் பம்ப கையில எடுத்துப் பாத்தாங்க.

"பெரியவரே, இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"நான்தாம்மா. ஆயுத பூசை."

"பூசைக்கு மூச்சு உடுறதையும் நிறுத்துவீங்களா? இன்னொரு வாட்டி இப்படிச் செஞ்சா பம்ப எடுத்துடுவேன். பழையபடி ஊசிதான்."

சாவு பயம் வரல. பொன்னேரி ரயில் என்னை உட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு. "இனிமே கழட்டவே மாட்டாரும்மா, நான் பாத்துக்கறேன்"னு ராஜேஸ்வரிதான் எனக்காகக் கெஞ்சினா.

பம்ப் மாட்டிக்கினு இருக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். குளிக்கக் கழட்டினா, தொடச்ச கையோட மாட்டிடுங்க. பம்ப் கெட்டுப்போனா போட்டுக்க ஊசியும் மருந்தும் ஊட்ல வெச்சிருங்க. மத்தபடி ஒரு பேஜாரும் இல்ல.

அடுத்த வருச பூசையில ராஜேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோட என் முன்னால வந்து நின்னா. "சட்டைய தூக்கு." தூக்கினேன். அர்ணாக்கயித்துல தொங்கின பம்புக்கு ஒரு பொட்டு வெச்சா. அப்பால என் நெத்தியில ஒன்னு.

"எனக்கெதுக்குமே?"

"நான் இன்னா மிஷினான்னு போன வருசம் கேட்டல்ல?"

ஊரே அமைதியா கீது. ஒரு மில்லும் ஓடல. அப்போதான் பம்போட சத்தம் மொத வாட்டி என் காதுல உழுந்துச்சு. சின்னதா ஒரு 'க்ரிக்'. மில்லு சங்கு ஊதினா வேலை, சங்கு ஊதினா சோறுன்னு வாழ்ந்தவன் நான். இப்போ அடுத்த க்ரிக் வர்ற வரைக்கும் சும்மா குந்திக்கினு கீறேன், நல்லாத்தான் கீது.

"இன்னாய்யா காது குடுத்து கேக்கற?"

"நம்ம ஊட்ல மட்டும் ஷிப்டு ஓடுதுமே."

"ஓடட்டும்"னு பொரித் தட்ட நீட்டினா. "மொதல்ல பட்டனை அழுத்து."