அக்னெசின் நான்கு விரல்கள்

என் மனைவி அக்னெஸ் பயந்தவள். இதை அவளே எல்லோரிடமும் சொல்வதால் நான் எழுதுவதில் குற்றமில்லை. மெற்றோ நிலையத்து எஸ்கலேட்டரில் கால் வைக்க முன் சிலுவை போடுவாள். பக்கத்து வீட்டு நாய் கட்டியிருந்தாலும் தெருவின் மறுபக்கத்தால்தான் போவாள். அப்படிப்பட்டவள் ஆழப் பனியில் ஸ்னோமொபில் என்னும் பனிவண்டி ஓட்டுவதற்குப் பைத்தியமாக அலைந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். நான் துறைமுகத்தில் கொள்கலன் இறக்குகிறவன். என்னோடு வேலை செய்யும் பற்றிக்குக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு மரவீடு உண்டு. மூன்று குளிர்காலத்துக்கு முன் அங்கே போயிருந்தபோது, சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லித் தன் பழைய வண்டியில் அவளை ஏற்றினான். ஏறினவள் பொழுதுபடும்வரை இறங்கவில்லை. அவ்வளவு சிரிப்பை அந்த முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் காணவில்லை. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பற்றிக் அந்த வண்டியை அவளுக்கென்றே ஒதுக்கிவைத்தான்.

சிக்கல் மரவீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் இருந்தது. பாதை கிடையாது, வெறும் பனி. உச்சியில் அடுப்பு வைத்த சின்னக் குடிசை ஒன்று. எல்லோரும் அங்கே ஏறிப் போய்ச் சூப் குடிப்பார்கள். அக்னெஸ் மட்டும் போனதில்லை. பாதியில் வண்டி சாயும், பயத்தில் பெருவிரலை எடுத்துவிடுவாள். கைப்பிடியிலுள்ள லீவரை வலக்கைப் பெருவிரலால் அமத்தினால்தான் வண்டி ஓடும். விரலை எடுத்த மறுகணம் பனிக்குள் அமிழ்ந்துவிடும். பிறகு பனி அள்ளும் சவளோடு நான் போகவேண்டும். எட்டுத் தரம் தோண்டியிருக்கிறேன். என் இடுப்புக்கு எண்ணிக்கை நன்றாக ஞாபகம்.

இந்த வருடம் அந்தப் பெருவிரலும் வீங்கிவிட்டது. சந்தையில் பெட்டி தூக்கித் தூக்கி வந்த வாதம். இதுதான் சந்தர்ப்பமென்று, விளையாட்டுப் போதும், வண்டியைப் பற்றிக் வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"ஒரேயொருக்கா அந்த மேட்டில ஏறிப்போட்டு வண்டியை விடுறன்," என்றாள். "ஏறாமல் விட்டால் சாகுமட்டும் அது என்ர கண்ணுக்குள்ள நிக்கும்."

நானே பற்றிக்கிடம் வழி கேட்டேன்.

பெருவிரல் இல்லாமலும் ஓட்ட வழி உண்டு என்றான் பற்றிக். மோட்டார்சைக்கிள்போலக் கைப்பிடியை முறுக்கலாம். அல்லது அதே லீவரை முன்பக்கம் திருப்பிப் பூட்டி, மற்ற நான்கு விரலாலும் இழுக்கலாம். நான் முறுக்கலின் பக்கம். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் மோட்டார்சைக்கிள் ஓடியவனின் வாய் சும்மா இருக்குமா? பூட்டிப் பார்த்தோம். வண்டி சாய்ந்ததும் அவள் கைப்பிடியில் தொங்கினாள், அந்தப் பாரத்தில் அது தானாக முறுகியது. விறகுக் கொட்டிலைச் சுற்றி ஒன்றரைச் சுற்று என்னைத் துரத்திவிட்டுத்தான் வண்டி நின்றது. பற்றிக் என் முகத்தைப் பாராமலே அதைக் கழற்றினான்.

பிறகு லீவரைத் திருப்பிப் பூட்டினான். அக்னெஸ் விரல்களை வைத்தாள், முகம் மலர்ந்தது.

"இது சைக்கிள் பிரேக் எல்லோ," என்றாள்.

எனக்குப் பயம் தந்ததே அதுதான். பள்ளிக்கூடம், கோயில், ரியூசன் என்று யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் திரிந்தவள். இன்றைக்கும் பனி விழும்வரை சந்தைக்குச் சைக்கிளில்தான் போகிறாள். பயந்தால் அந்த நான்கு விரலும் தானாக இறுகும். இறுக்கினால் சைக்கிள் நிற்கும், இதுவோ பாயும். இதை என் அரைகுறைப் பிரெஞ்சில் பற்றிக்குக்கு விளக்குவதற்குள் அவள் புறப்பட்டுவிட்டாள். நிற்கச் சொல்லிக் கத்தினேன். திடுக்கிட்டு இறுக்கினாள், நேரே பனிக் குவியலுக்குள் போனாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றதால் தப்பினோம்.

இந்த வண்டியின் பிரேக் இடக்கைப் பிடியில். அன்று முழுவதும் சமதரையில் பழகினாள். நிற்பாட்டுவது இடக்கை, நிற்பாட்டுவது இடக்கை என்று செபம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே ஓட்டினாள். பின்னேரம் இடக்கை படித்துவிட்டது. ஆனால் மேட்டில் பயம் வந்தால் இந்தப் படிப்பெல்லாம் பறந்துவிடும் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் காலை மேட்டடியில் ஒன்பதாவது தரமாகச் சவளோடு நின்றேன். பற்றிக் முன்னால் ஏறி உச்சியில் காத்திருந்தான். அக்னெஸ் புறப்பட்டாள். அதே இடத்தில் வண்டி அதேபோலச் சாய்ந்தது. மாதாவை அவள் கூப்பிட்ட சத்தம் கீழே எனக்குக் கேட்டது. சவளைத் தோளில் வைத்தேன்.

வண்டி அமிழவில்லை. நான்கு விரலும் இறுகிவிட்டன. பனியைப் புகைபோலக் கிளப்பிக்கொண்டு, நான் எட்டுத் தரம் தோண்டிய இடத்தைத் தாண்டி, நேரே மேலே போய் உச்சிக்கு அப்பால் மறைந்தது. பிறகு சத்தமே இல்லை.

எனக்கு உயிர் போய் வந்தது. ஓடினேன் என்று எழுத ஆசைதான். முக்கால்வாசி மேட்டில் இடுப்புவரை புதைந்தேன் என்பதே உண்மை. காலை இழுக்க இழுக்க இன்னும் கீழே போனது. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அக்னெஸ் நிற்கிறாள். சமதரை வந்ததும் இடக்கை ஒழுங்காக வண்டியை நிற்பாட்டியிருக்கிறது. பற்றிக் கைதட்டுகிறான். என் சந்தோசத்தை மறைக்க, எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு என்று சத்தமாகக் கேட்டேன்.

"துணிவோ? பயந்துதான் ஏறினனான்," என்றாள்.

சிரித்தபடியே வழுக்கி வழுக்கி இறங்கி வந்து, என் கையிலிருந்த சவளை வாங்கி, என்னைச் சுற்றித் தோண்டத் தொடங்கினாள்.

"ஆடாமல் நில்லுங்கோ அப்பா. வண்டியை விடுற கதையைப் பேந்து பாப்பம்."

இடுப்புவரை பனிக்குள் நிற்பவன் வேறு என்ன சொல்வது? ஓம் என்றேன்.