காலி வண்டியைப் பார்க்காதவர்

என் டீசல் வேனில் இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. விழுப்புரத்தில் இரண்டு பட்டறைகளில் ஸ்கேனரை மாட்டி அணைத்தார்கள், மறுநாளே எரிந்தது. இன்ஜெக்டர்களையே மாற்றச் சொன்னார் ஒருவர். எரிச்சலோடுதான் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நரைத்த மீசை, ஒல்லி உடம்பு. பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார்.

"எப்ப எரியுது?"

"களையெடுக்க ஆளுங்கள ஏத்திக்கினு மேம்பாலம் ஏறும்போதுங்க."

"அப்ப காலி வண்டிய ஏன் கொண்ணாந்தீங்க? நாளைக்கு ஆளோட வாங்க."

மறுநாள் பதினோரு பெண்களோடு போனேன். இஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அடியில் நுழைந்தார்.

"நாங்க இறங்கிடட்டுமா?" என்று ஒருத்தி பதறினாள்.

"இறங்கினா கோளாறும் இறங்கிடும்மா. அப்பிடியே குந்துங்க."

டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் மெல்லிய வெடிப்பு. பாரத்தில் வண்டி அமுங்கும்போது அது வாய் திறந்து காற்றை இழுத்திருக்கிறது. டீசல் போதாமல் விளக்கு எரிந்திருக்கிறது. அவர் குழாயை மாற்றியதும், அவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன். எரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரோ பின்னால் திரும்பி, "தெனம் இத்தினி பேருதானாம்மா?" என்றார்.

"இன்னிக்கு ஒருத்தி வரல."

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கடைசி சீட்டில், காலியாக இருந்த வராதவளின் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"திருப்புங்க. பின்னால முழு பாரத்தோட இன்னொரு வாட்டி ஏறலாம்."

ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். விளக்கே தெரியாத அந்த மூலையில், யாருடைய சாப்பாட்டுத் தூக்கையோ மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.