தடை விதிக்கப்பட்ட குலப்பெயர்

வேலூரில் வாடகைக்கு வீடு தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்கு அந்த ஸ்காட்லாந்து ஆர்டர் வந்தது. ஆம்பூரில் தோல் பைகள் செய்யும் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதைப் புரிந்துகொண்டு தையல் பகுதிக்குச் சொல்வது என் வேலை.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் விசேஷங்களுக்குக் கட்டம் போட்ட பாவாடை உடுத்துவார்கள். அதில் பாக்கெட் கிடையாது. முன்பக்கம் ஒரு தோல் பை தொங்கும். ஒரு குலத்தார் ஒன்றுகூடும் விழாவுக்காக அந்தப் பைகளைக் கேட்டிருந்தார்கள். மூடியில் குலச்சின்னமான சிங்கத்தலையைப் பதிக்க வேண்டும்.

முதல் சாம்பிளை வீடியோ காலில் பார்த்த, ஆர்டர் கொடுத்திருந்த அம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தார். அவரும் அந்தக் குலத்தவர்தான். சிங்கத்தைச் சுற்றி ஒரு வாரும் பக்கிளும் இருக்க வேண்டுமாம். அப்படி இருந்தால் ‘நான் தலைவரைச் சேர்ந்தவன்’ என்று பொருள். வார் இல்லாத சின்னம் தலைவர் ஒருவருக்கே உரியது. தலைவரின் தொப்பியில் மூன்று கழுகு இறகுகள் இருக்கும். கிளைத்தலைவர்களுக்கு இரண்டு. மற்றவர்களுக்கு இறகு கிடையாது. தனக்கென்று ஒரு சின்னத்தை முறைப்படி பெற்றவர் மட்டும் ஒன்று செருகிக்கொள்ளலாம்.

பெட்டியில் வைக்கும் அட்டையில் அச்சிட அவர்களுடைய வரலாற்றைக் கேட்டேன்.

“பெரிய பிரபு பட்டமெல்லாம் பக்கத்துக் குலங்களுக்குப் போயிற்று. எங்களுக்குக் கிடைத்தது தடை” என்றார்.

நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சண்டைக்குத் தண்டனையாக அவர்களுடைய பெயருக்கே அரசர் தடை போட்டிருக்கிறார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டால் மரண தண்டனை. நடுவில் சில காலம் தவிர, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குலத்தார் அடுத்தவர் பெயரில் வாழ்ந்திருக்கிறார்கள். தடை நீங்கிய பிறகு தலைவருக்கு ‘சர்’ பட்டம் வந்தது. அதுவும் இரவல் பெயரில்தான் வந்தது. பல ஆண்டுகள் கழித்தே அவர் சொந்தப் பெயருக்குத் திரும்பினார்.

அழுகையோ பெருமையோ இல்லாமல், வீட்டு விஷயம் பேசுவதுபோல் சொன்னார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுப் புரோக்கர் எங்களை ஓரமாக அழைத்துப் போனார். ஏற்கெனவே இரண்டு வீடுகள் கைநழுவியிருந்தன. இரண்டிலும் சொந்த ஊர் கேட்டார்கள். எங்கள் காலனியின் பெயரைச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். அனுப்பவில்லை.

“அரக்கோணம்னு சொல்லிடுங்க மேடம். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தேன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் புரோக்கர்.

என் கணவருக்கு அது சரியாகவே பட்டது. மகளுக்கு வேலூரில் பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. “ஒரு பேருதானே. இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றார்.

“நாளைக்கு எங்கம்மா வருவாங்க. அவங்களையும் அரக்கோணம்னு சொல்லச் சொல்வியா? பொண்ணு ஸ்கூல்ல இன்னா சொல்லும்? நான் சொல்ல மாட்டேன். வீடு கிடைக்கலன்னா ஆம்பூர்லருந்தே தெனம் கூட்டினு வர்றேன்.”

அவர் வண்டியை எடுக்கப் போனார். புரோக்கருக்குத்தான் பேஜார்.

மூன்றாவது வீட்டிலும் காலனியின் பெயரையே சொன்னேன். அந்த வீட்டுக்காரர் சாவியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். படி இறங்கும்போது எனக்கு வந்தது அவமானமா கோபமா, தெரியவில்லை. அன்று மாலையே வேறு புரோக்கரைப் பிடித்தேன்.

நான்காவது வீடு கணியம்பாடி போகும் சாலையில். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கேட்கும் முன்பே ஊரையும் காலனியையும் சொன்னேன். அவர் கதவைத் திறந்து சமையலறைக் குழாயைக் காட்டினார்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள்தாம்மா தண்ணி வரும். பரவால்லயா?”

“பரவால்லம்மா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்டி யானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி கேட் அருகே வந்து, “எந்த ஊரு நீங்க?” என்று கேட்டார். நான் உள்ளே அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. ஆம்பூர் என்று ஆரம்பித்து, காலனியின் பெயரையும் சேர்த்தே சொன்னார். பிறகு, “கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க சார், கனம் ஜாஸ்தி” என்றார்.