முகத்துவாரத்தில் அளந்த நாட்கள்

கருத்தரங்குகளில் தனியாகச் சாப்பிடுகிறவர்களை நான் தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நிகழ்ச்சி நிரலைத் துப்பறிகிற மாதிரி புரட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் படிக்க ஒன்றும் இருக்காது. யாரும் பேச வராததை மறைக்க அதைவிட வசதியான காகிதம் கிடையாது, அவ்வளவுதான். நானும் அந்தக் கட்சிதான். பல வருடங்கள் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

என் படிப்பு பாய்ம இயக்கவியல். தண்ணீரோ காற்றோ எண்ணெயோ, ஓடுகிற எதுவானாலும் அது ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்கிற படிப்பு. சென்னையில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த லேபில் எல்லோரும் குழாய்க்குள் ஓடும் எண்ணெயை ஆராய்ந்தார்கள். எனக்குக் குழாய் மேல் எந்தப் பகையும் இல்லை. ஆனால் நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துக்காரி. எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற முகத்துவாரத்தில் வருடா வருடம் மணல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாய் மூடினால் ஏரிக்குள் கடல்நீர் வராது, இறால் குஞ்சு வராது, எங்கள் ஆட்களுக்குப் பிழைப்பும் இருக்காது. அதனால் அதன் வழியாக எவ்வளவு தண்ணீர் போய் வருகிறது என்று அளப்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டேன். என் கைடு நல்ல மனிதர். தாராளமாகச் செய், ஆனால் என்னிடம் சந்தேகம் கேட்காதே, எனக்கு ஏரி தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

சொன்ன வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார். மதியம் டீ குடிக்கும்போது லேபில் மற்றவர்கள் ஒருவர் சமன்பாட்டில் இன்னொருவர் மூக்கை நுழைத்துச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். என் சமன்பாட்டில் மூக்கை நுழைக்க ஆளில்லை. ஊருக்குப் போனால் படிப்பு எப்போது முடியும் என்று மட்டும் கேட்பார்கள். அது படிப்பைப் பற்றிய கேள்வியே இல்லை, கல்யாணப் பேச்சுக்குப் போடுகிற பிள்ளையார் சுழி. இரண்டு இடத்திலும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் வாரக் கணக்கில் நான் நினைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஓர் ஆய்வு வாய்ப்பு அறிவிப்பு வந்தது. ஒல்லாந்தில், அதாவது டச்சுக்காரர் நாட்டில், ஒரு குழு ஏரி முகத்துவாரங்களைப் பற்றி மட்டும் ஆராய்கிறது, ஓர் இடம் காலியாக இருக்கிறது, அந்தக் குழுவின் பேராசிரியர் அந்த வருடத்துக் கருத்தரங்குக்கு வருகிறார், அங்கே கட்டுரை வாசிப்பவர்களிலிருந்து ஒருவரை எடுப்பார். எனக்கு வெளிநாட்டு மோகம் இருந்ததில்லை, குளிர் என்றாலே பிடிக்காது. ஆனால் ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர், அத்தனை பேரும் ஏரி வாயைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள்! அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று வெறியாகவே இருந்தது.

விஷயத்தைச் சொன்னபோது சித்தப்பா சிரித்தார். பழவேற்காட்டில் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறவர். "அவனுங்க இங்க வந்து திரும்பிப் போவல. நீயாச்சும் போய்ட்டு திரும்பி வா" என்றார்.

கட்டுரை வாசிக்க அளவு வேண்டும். அளக்க முகத்துவாரத்தில் இறங்க வேண்டும். அங்கேதான் பாடு வருகிறது. எங்கள் ஏரியில் இறாலுக்குக் கழி நட்டு வலை கட்டுகிற நல்ல இடங்களை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு வரும் நாளில் அந்த இடம் உன்னுடையது. மற்ற நாட்களில் அங்கே குச்சிகூட ஊன்றக் கூடாது. பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆகவே அப்பாவிடம், எங்கள் வீட்டுப் பேச்சில் நைனாவிடம், கேட்டேன். நீரோட்டத்தை அளக்கும்போது குறுக்கே வலை இருக்கக் கூடாது, அதனால் அன்றைக்கு இறாலும் கிடையாது என்பதையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்றார்.

அந்த வருடம் எங்கள் வரிசையில் இருந்த குடும்பங்களின் கணக்குக்கு முறை பதினைந்து நாளுக்கு ஒருதரம் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறைக்கும் பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். நைனா படகைப் பிடித்துக்கொள்வார். நான் நீரோட்டமானியை இறக்கி, மிதவைகளை விட்டு, ஏற்றம் வற்றம் இரண்டையும் ஒரு பகல் ஓர் இரவு முழுக்க எழுதிக்கொள்வேன். சீசன் முடிந்து எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாம் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. வாய்க்குள் ஓட்டம் பலமாகவே இருந்தது. ஏறுகிற மணலை அள்ளிக்கொண்டு போகிற பலம். வாய் மூடாது என்று என் கணக்கு சொன்னது. நல்ல சேதியை மேடையில் சொல்லிவிட்டு அப்புறம் ஊரில் சொல்வோம் என்று பொத்தி வைத்துக்கொண்டேன்.

கருத்தரங்கு வடக்கே ஒரு நகரத்தில் நடந்தது. என் முறை வந்தபோது முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், ஒல்லாந்துப் பேராசிரியர். நெட்டையான மனிதர், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக நீட்டியிருந்தார். நான் நன்றாகவே பேசினேன், அதை வெட்கப்படாமல் சொல்வேன். முடித்ததும் அவர் கையைத் தூக்கினார். என் வாழ்க்கையில் என் ஏரியைப் பற்றி வந்த முதல் கேள்வி. எந்தெந்த நாட்களில் அளந்தீர்கள் என்று கேட்டார்.

தேதிகளைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லி மூன்றாவதுக்கு வாய் திறந்தபோது எனக்கே உறைத்துவிட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பலமாக இழுக்கும். அஷ்டமிப் பக்கம் தண்ணீர் மந்தம். பாடு பதினைந்து நாளுக்கு ஒருதரம். நைனாவின் முறை ஒருதரம் அமாவாசைக்கு அடுத்த நாள் வந்தால், மறுதரம் பௌர்ணமிக்கு அடுத்த நாள். ஒரு முறை நான் கும்மிருட்டில் டார்ச் பிடித்து எழுதினேன், மறுமுறை நிலா வெளிச்சத்திலேயே எழுதினேன். இரண்டும் வேறு வேறு மாதிரி நாட்கள் என்று கண் நம்பிவிட்டது. கடலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டம் பலமாக இருக்கும் நாட்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அளந்துவிட்டு, ஓட்டம் எப்போதும் பலம் என்று மேடையேறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு ஊர்க்காரர் யாராவது அளந்திருந்தால் காலண்டரைப் பார்த்து நாள் குறித்திருப்பார், ஊராரிடம் திட்டும் வாங்கியிருப்பார். எனக்கு நாளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனையே வரவில்லை. எங்கள் வீட்டில் பாடு வரும் நாள்தான் ஏரிக்குப் போகிற நாள். அதைத் தாண்டி ஒரு நாள் இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

மேடையில் நின்றபடி அதைச் சொல்லிவிட்டேன். எல்லாமே ஓட்டம் பலமாக இருக்கும் நாட்கள், மந்தமான நாட்களில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் தலையை ஆட்டினார். நாற்காலி போய்விட்டது என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

ஆனால் இடைவேளையில் அவரே டீயோடு என்னைத் தேடி வந்தார். வாய் எந்தப் பக்கம் நகர்கிறது, மணல் தெற்கிலிருந்து வருகிறதா, வாடைக்காற்றில் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் நாட்டுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்திலும் இந்த மணல் அவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கும் என்றார். பலமான நாட்கள் மணலை அரிக்கலாம், ஆனால் மந்தமான நாட்களில் படிவது அதைவிட அதிகமாக இருக்கும் என்பது தன் ஊகம் என்றார். நான் மறுத்தேன். அவர் என் மறுப்பை மறுத்தார். டீ ஆறிப்போயிற்று. இத்தனை வருடம் ஏங்கிய சண்டை அதுதான். என்னைக் கவிழ்த்தவரோடே அது கிடைத்தது. கிளம்பும்போது, அடுத்த வருடம் மீதி நாட்களையும் அளந்துகொண்டு வாருங்கள், நான் வந்து கேட்கிறேன் என்றார். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தார். அது நியாயமும்தான்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா கேட்டான் அந்த ஆளு?"

சொன்னேன். வேறு நாட்களில் அளக்க வேண்டும், அதெல்லாம் மற்றவர்கள் பாடு என்றேன். அவர் எழுந்து போனார்.

அடுத்த சீசன் தொடங்கியதும் அம்மன் கோயில் முன்னால் ஊரார் கூடியபோது, அஷ்டமியில் முறை விழுந்திருந்த ஒருவரிடம், என் முறையை நீ எடுத்துக்கொள், உன்னுடையதை எனக்குக் கொடு என்று நைனா கேட்டார். இறால் கொழிக்கிற நாளைக் கொடுத்து, ஒன்றும் கிடைக்காத நாளை வாங்குகிறார். அந்த ஆள் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. நான் கொஞ்சம் தள்ளி, வலை காயப் போட்டிருந்த இடத்தில் நின்றேன். நைனாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்திருந்தது. அந்த சீசன் முழுக்க அவருக்குப் புத்தி பிசகிவிட்டதாகத்தான் பேச்சு.

அந்த மந்தமான நாட்களில் மிதவை நகர மனமில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலமான நாட்கள் அள்ளிக்கொண்டு போவதைவிட மந்தமான நாட்கள் இறக்கிவைப்பது அதிகம். பேராசிரியர் சொன்னதுதான் சரி. நான் தோற்ற சண்டையை அவரிடம் போய் ஒப்புக்கொள்ள அடுத்த கருத்தரங்குக்குக் கிளம்பினேன்.

அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கடைசி நாள் கடைசி அமர்வைக் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் ரயிலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரில் ஒருவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசி முடித்தேன். தலைவர் கேள்விகள் உண்டா என்று கேட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை. அவர் கனிவாக எனக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மேடையிலிருந்து இறங்கிய அந்த நாலு படியில் நான் பட்ட தனிமையை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

வராந்தாவுக்கு வந்து நைனாவுக்குப் போன் செய்தேன். அவர் கரையில் இருந்தார், காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது.

"யார்னா கேள்வி கேட்டாங்களா?" என்றார். போன வருடம் ஒரே ஒரு கேள்விக்காக நான் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்.

"யாரும் கேக்கல நைனா."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லது இல்ல நைனா. கேக்கறதுக்கு ஆளே இல்ல."

"அப்ப நான் கேக்கறேன்" என்றார். "வாய் மூடிக்குமா?"

இரண்டு வருடத்தில் அதை அவர் கேட்டதில்லை. படகு பிடித்தார், மிதவையைத் துரத்திப் பிடித்து எடுத்து வந்தார், ஊர் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தார். எண்கள் என்ன சொல்கின்றன என்று மட்டும் கேட்கவே இல்லை. அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டுதான் கேட்காமல் இருந்திருக்கிறார். அரங்கத்தில் ஆயிரம் நிபந்தனைகளோடு சொன்ன முடிவை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"மூடிக்கும் நைனா."

"எப்போ?"

"அது தெரியல. அதுக்கு இன்னும் அளக்கணும்."

"சரி. சீசன் தொடங்கிடுச்சு, வர்ற வெள்ளிக்கெழம நம்ம பாடு" என்றார். "நான் வலை எடுக்கல. நீ வந்துடு."

வந்துவிடுகிறேன் என்றேன். அவர் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.